வாக்ரிபோலி பேசும் குழந்தைகளுக்கு முதல் வகுப்பை எந்த மொழியில் தொடங்குவது?

கேள்வி: தொடக்கப்பள்ளி ஆசிரியை, காரைக்குடி வட்டாரம்

அனைவருக்கும் வணக்கம். காரைக்குடியை அடுத்த ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளியில் இடைநிலை ஆசிரியையாகப் பணிபுரிகிறேன். எங்கள் பள்ளியின் முதல் இரண்டு வகுப்புகளில் பாதிக்கும் மேற்பட்ட குழந்தைகள் பக்கத்திலுள்ள நரிக்குறவர் குடியிருப்பிலிருந்து வருகிறார்கள். அவர்கள் வீட்டில் பேசுவது வாக்ரிபோலி. பள்ளிப் பதிவேட்டிலோ அத்தனை பேருக்கும் தாய்மொழி தமிழ் என்றே எழுதப்பட்டிருக்கிறது.

இக்குழந்தைகளுக்குத் தமிழே தெரியாது என்று சொல்ல முடியாது. பெற்றோருடன் பிள்ளையார்பட்டிக்கும் குன்றக்குடிக்கும் பாசிமணி விற்கப் போய் வருவதால், விலை சொல்லவும் பேரம் பேசவும் மீதிச் சில்லறை கேட்கவும் ஐந்து வயதிலேயே நன்றாகத் தெரிந்திருக்கிறது. ஆனால் அதே குழந்தையிடம் பாடநூலில் உள்ள ஒரு படத்தைக் காட்டி, அதில் என்ன நடக்கிறது என்று கேட்டால் ஒரு சொல்லுக்கு மேல் வருவதில்லை. அந்தப் படத்தையே வைத்துக்கொண்டு அவர்கள் தமக்குள் வாக்ரிபோலியில் கலகலவென்று கதை பேசுவதை வகுப்பின் வாசலில் நின்று பலமுறை கேட்டிருக்கிறேன். கணக்கிலும் இப்படித்தான். மணி கோக்கும்போது வேகமாக எண்ணிப் பிரிக்கும் கைகள், 'ராமுவிடம் எட்டு மாம்பழங்கள் இருந்தன' என்று தொடங்கும் வினாவைப் பார்த்ததும் நின்றுவிடுகின்றன. எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என நிலை பிரிக்கும்போது இவர்களில் பெரும்பாலோர் அரும்பிலேயே தங்கிவிடுகிறார்கள்.

சென்ற கல்வியாண்டில் அதே குடியிருப்பைச் சேர்ந்த ஐந்தாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, சத்துணவு இடைவேளையில் சின்னஞ்சிறுவர்களுக்குப் பாடத்தைத் தன் மொழியில் சொல்லிக் கொடுப்பாள். அவள் சொன்ன பிறகு அவர்கள் என்னிடம் தமிழில் பதில் சொன்ன விதமே வேறாக இருந்தது. இந்த ஆண்டு அவள் ஆறாம் வகுப்புக்கு வேறு பள்ளிக்குப் போய்விட்டாள். அவள் இடத்தில் குடியிருப்பைச் சேர்ந்த ஒரு பெரியவரை, முதல் இரண்டு வகுப்புகளுக்கு மட்டும், நாளில் சிறிது நேரமாவது வகுப்பில் அமர்த்தலாமா என்பது என் எண்ணம்.

உடன் பணிபுரிவோர், வீட்டு மொழியை வகுப்புக்குள் விட்டால் தமிழ் எப்போது வரும் என்று கேட்கிறார்கள். அந்தக் கவலையை நான் அலட்சியம் செய்யவில்லை. இதற்குச் சட்டத்தில் இடம் உண்டா, வேறு எங்கேனும் செய்து பார்த்திருக்கிறார்களா, எழுத்தில்லாத ஒரு மொழியைக் கரும்பலகையில் எப்படி எழுதுவது ஆகியவற்றை அறிந்தவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

மறுமொழி: ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், தேவகோட்டை

தங்கள் பதிவை இருமுறை படித்தேன், அம்மா. குழந்தைகளை இவ்வளவு கூர்ந்து கவனிக்கும் ஆசிரியர் கிடைத்தது அந்தக் குடியிருப்பின் நற்பேறு. இருந்தாலும், செய்வதற்கு முன் சிலவற்றை எண்ணிப் பார்க்க வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

முதலாவது, வருகை. தைப்பூசத்துக்குப் பழனி பாதயாத்திரை வழியிலும், கார்த்திகை பிறந்தால் சபரிமலைப் பக்கமும், பிறகு பங்குனி உத்திரத்துக்கும் என்று குடும்பங்கள் கிளம்பிவிடும்போது குழந்தைகளும் போய்விடுகிறார்கள். ஆண்டில் பல வாரங்கள் வராத குழந்தை பின்தங்குவதற்கு மொழி ஒன்றே காரணம் என்று முடிவு கட்டிவிட முடியாது. இரண்டாவது, 2012-13-ஆம் கல்வியாண்டு முதல் அரசுப் பள்ளிகளில் ஆங்கிலவழிப் பிரிவுகள் வந்துவிட்டன. வீட்டில் வாக்ரிபோலி, தெருவில் தமிழ், புத்தகத்தில் ஆங்கிலம் என்று ஆறு வயதுக் குழந்தையை நிறுத்தினால், அது எந்தக் கரையையும் பிடிக்காது. ஆகவே அந்தக் குழந்தைகள் தமிழ்வழிப் பிரிவில் இருக்கிறார்களா என்பதை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவதைச் சற்று வெளிப்படையாகவே சொல்கிறேன். இது 1968 முதல் இருமொழிக் கொள்கையில் நிற்கும் மாநிலம். காரைக்குடியோ தமிழ்த்தாய்க்குக் கோயிலே எழுப்பிய ஊர். வகுப்பறைக்குள் மூன்றாவதாக ஒரு மொழி வருகிறது என்றால், அது எவ்வளவு சிறிய மொழியாக இருந்தாலும், இதற்கு எந்த அரசாணை என்று கேட்க ஆள் இருப்பார்கள். கேட்பவரைக் குறை சொல்லவும் முடியாது. கையில் காகிதம் இல்லாமல் தொடங்காதீர்கள்.

இவ்வளவு தடை சொன்ன நானே இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 1991-ஐ ஒட்டி, பக்கத்துப் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, கல்குவாரியில் வேலை செய்த பெண்கள் தங்கள் வேலையிலும் வாழ்விலும் புழங்கிய சொற்களிலிருந்தே எழுத்தைப் பிடித்துக்கொண்டார்கள். அவர்களுக்குக் கற்பித்தவர்களில் பெரும்பாலோர் பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் அல்லர், உள்ளூர்த் தொண்டர்கள். சொல்லிக் கொடுப்பவர் தம்மவர் என்ற உணர்வு எவ்வளவு தொலைவு கொண்டுபோகும் என்பதை அந்த இயக்கத்தின் கூட்டங்களில் பார்த்தவன் நான். ஆனால் அங்கே இரு தரப்புக்கும் மொழி தமிழாகவே இருந்தது; இங்கே அப்படி இல்லை.

மறுமொழி: மொழியியல் மாணவர், காரைக்குடி

ஆசிரியை கேட்ட மூன்றுக்கும், தலைமையாசிரியர் ஐயா எழுப்பிய காகிதக் கேள்விக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

சட்டம் தெளிவாகவே இருக்கிறது. 1956-ஆம் ஆண்டின் ஏழாவது திருத்தத்தால் அரசமைப்புச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 350-அ உறுப்பு, மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்க நிலையில் தாய்மொழியில் கற்பிக்கப் போதிய வசதி செய்து தர முயல வேண்டும் என்று மாநிலங்களையும் உள்ளாட்சிகளையும் பணிக்கிறது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் தன் 29-ஆம் பிரிவில், பயிற்றுமொழி இயன்றவரை குழந்தையின் தாய்மொழியாக இருக்க வேண்டும் என்கிறது. 'இயன்றவரை' என்ற இடைவெளியில்தான் சிறிய மொழிகள் எல்லாம் விழுந்துவிடுகின்றன என்பது உண்மைதான். ஆயினும், தடை இல்லை என்பதும் அதே அளவுக்கு உண்மை.

இருமொழிக் கொள்கைக்கு இது முரணாகுமா என்றால், ஆகாது என்பதே என் கருத்து. அந்தக் கொள்கை பாடமாகக் கற்பிக்கப்படும் மொழிகளைப் பற்றியது. தங்கள் திட்டத்தில் வாக்ரிபோலி ஒரு பாடமாகவோ, தேர்வுக்குரிய மொழியாகவோ வரவில்லை; தமிழ்ப் பாடத்தைப் புரியவைக்கும் வாய்மொழித் துணையாக மட்டுமே வருகிறது. விண்ணப்பத்தில் இந்த வேறுபாட்டை முதல் வரியிலேயே எழுதிவிடுவது நல்லது.

செய்து பார்த்த இடங்கள் உண்டு. நம் நாட்டில் ஒடிசா அரசு 2006-ஐ ஒட்டி, சந்தாலி, சவுரா, குயி, கோயா உள்ளிட்ட 10 பழங்குடி மொழிகளில் தொடக்கக் கல்வியைத் தொடங்கிப் பின்னர் 21 மொழிகள்வரை விரித்தது. குழந்தை தன் மொழியில் தொடங்கி, ஆண்டுக்கு ஆண்டு ஒடியாவுக்கும் ஆங்கிலத்துக்கும் நகரும்படி பாடத்தை அமைத்தார்கள். அந்தந்தச் சமூகத்தைச் சேர்ந்தவர்களையே மொழி ஆசிரியர்களாகவும் அமர்த்தினார்கள். வெளிநாட்டுச் சான்று வேண்டுமானால் நைஜீரியாவின் இஃபே நகரில் 1970-இல் தொடங்கிய ஆறாண்டுத் தொடக்கக் கல்வித் திட்டத்தைச் சொல்லலாம். ஆறு வகுப்பும் யொரூபா மொழியில் படித்து, ஆங்கிலத்தைத் தனிப் பாடமாகக் கற்ற குழந்தைகள், பாதியில் ஆங்கிலவழிக்கு மாறிய குழந்தைகளைவிட மற்றப் பாடங்களில் முன்னே நின்றார்கள், ஆங்கிலத்திலும் பின்தங்கவில்லை. ஒரு மொழியில் படித்துப் பொருள் உணரப் பழகிய குழந்தை அந்தப் பழக்கத்தை அடுத்த மொழிக்கும் எடுத்துச் செல்கிறது என்று கனடாவின் ஜிம் கம்மின்ஸ் போன்ற ஆய்வாளர்கள் விளக்கியிருக்கிறார்கள். அன்றாடப் பேச்சு விரைவில் வந்துவிடும், பாடநூல் மொழி கைவரப் பல ஆண்டுகள் ஆகும் என்பதும் அவர் பிரித்துக் காட்டியதே. தாங்கள் பார்த்த பேரம் பேசும் குழந்தைக்கு இருப்பது முதலாவது மட்டும்.

எழுத்தைப் பற்றி. வாக்ரிபோலி இந்தோ-ஆரியக் குடும்பத்தைச் சேர்ந்தது, குஜராத்திக்கு நெருக்கமானது. அதன் இலக்கண விளக்கத்தை அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1970-லேயே வெளியிட்டிருக்கிறது. கானாடுகாத்தானில் பிறந்தவர் நிறுவிய பல்கலைக்கழகம் அச்சிட்ட அந்த ஆய்வு, கானாடுகாத்தானைச் சுற்றியுள்ள பள்ளிகளை ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகும் வந்து சேரவில்லை என்பதை நினைத்தால் சற்றுக் கசப்பாகத்தான் இருக்கிறது. போகட்டும். கரும்பலகைக்குத் தமிழ் எழுத்தே போதும். சிக்கல் ஒன்றுதான்: அம்மொழியில் ப-வும் ('படம்' என்பதில் வருவது) ப³-வும் ('பஸ்' என்பதில் வருவது) வெவ்வேறு ஒலிகள், சொல்லின் முதலிலும் வரும், பொருளையும் மாற்றும். நம் வீடுகளில் உள்ள தோத்திரப் புத்தகங்களில் எழுத்தின் தலையில் சிறிய எண் இட்டு அச்சிடுவார்களே, சௌராட்டிர மொழியைத் தமிழ் எழுத்தில் எழுதுவோரும் கையாளும் அதே முறையை இங்கும் பின்பற்றலாம். ஆனால் முதலாண்டில் எழுதவே வேண்டாம், கதையும் பாட்டும் உரையாடலுமாகவே நடக்கட்டும் என்பேன். தமிழ் எழுத்து பழகும் வயதில் எண் குறித்த எழுத்துகளும் சேர்ந்தால் குழப்பம் மிஞ்சும்.

பதிவேட்டில் தாய்மொழி தமிழ் என்று எழுதப்பட்டிருப்பதை முதலில் திருத்தப் பாருங்கள். 10,000-க்குக் குறைவானோர் பேசும் மொழிகளை மக்கள்தொகைக் கணக்கெடுப்பு தனிப்பெயரோடு பட்டியலிடுவதில்லை. 2011 கணக்கெடுப்பில் வகைப்படுத்திய தாய்மொழிகள் 1,369 இருந்தும், மொழிகள் என்று பட்டியலில் வந்தவை 121 மட்டுமே. பள்ளிப் பதிவேட்டிலும் பெயர் இல்லையென்றால், 350-அ உறுப்பைக் காட்டிக் கேட்பதற்கு நம்மிடம் குழந்தைகளே இல்லை என்றாகிவிடும்.

மறுமொழி: பினாங்கில் வாழும் பள்ளத்தூர்க்காரர்

என் பாட்டையா காலத்தில் கொண்டு விற்கப் போன குடும்பம் எங்களுடையது. பர்மாவில் கொஞ்ச காலம், பிறகு மலாயா. இந்தக் கேள்வியை நான் கடலின் இந்தப் பக்கத்திலிருந்து படிக்கிறேன் என்பதால் எழுதத் தோன்றியது.

பினாங்கில் 1816-லேயே தமிழ் வகுப்பு தொடங்கியது. இன்று மலேசியாவில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட தமிழ்ப் பள்ளிகள் இருக்கின்றன. அங்கே ஆறாண்டுகள் தமிழில் படிக்கும் குழந்தை மலாயும் ஆங்கிலமும் பாடங்களாகப் படித்து, இடைநிலைப் பள்ளியில் மலாய்வழிக்குப் போகிறது. மலாய் போதாத மாணவர்களுக்காக நடுவில் ஓராண்டுப் புகுமுக வகுப்பும் உண்டு. தமிழில் தொடங்கியதால் மலாய் கெட்டது என்று இங்கே யாராவது சொன்னால் நாங்கள் எவ்வளவு கொதித்துப் போவோம் என்பது ஊரில் உள்ளவர்களுக்குத் தெரியும். ஒவ்வொரு தமிழ்ப் பள்ளிக்கும் நிலம் வேண்டும், ஆசிரியர் வேண்டும் என்று மனுப் போட்டவர்களில் செட்டிநாட்டவர்களும் உண்டு. பர்மாவில் அறுபதுகளில் பள்ளிகள் அரசுடைமையானபின் தமிழ் கோயில்களிலும் மாலை வகுப்புகளிலும் ஒதுங்கியது. அங்கேயே தங்கிவிட்ட எங்கள் உறவுக்காரப் பிள்ளைகளுக்கு இன்று பேச்சுமொழி பர்மியம்.

சிங்கப்பூர் இன்னொரு வகை. தமிழுக்கு ஆட்சிமொழித் தகுதி உண்டு, பள்ளியில் தாய்மொழிப் பாடமாகவும் இருக்கிறது. ஆயினும் வீட்டில் அதிகம் பேசும் மொழி தமிழ் என்றவர்களின் பங்கு 2010-இல் 3.3 விழுக்காடாக இருந்து 2020-இல் 2.5 ஆகக் குறைந்தது. ஒரு பாடவேளையை ஒதுக்கிவிட்டால் மொழி பிழைத்துக்கொள்ளும் என்று எண்ணிவிட வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

வெளிநாட்டில் நமக்கு நியாயம் என்று கேட்பதை, நம் ஊர்ப் பள்ளியில் இன்னொருவர் குழந்தைக்குக் கேட்டால் மட்டும் அரசாணை எங்கே என்கிறோம். தலைமையாசிரியர் ஐயா பொறுத்துக்கொள்ள வேண்டும்.

மறுமொழி: நரிக்குறவர் சமூகத்துப் பட்டதாரி, சிவகங்கை மாவட்டம்

எங்களைப் பற்றிய பேச்சில் எங்களில் ஒருவர் எழுதாவிட்டால் நன்றாக இராது. நான் அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்துப் பட்டம் பெற்றவன். வீட்டில் இன்றும் வாக்ரிபோலிதான்.

ஆசிரியை சொன்னது முழுக்க உண்மை. முதல் வகுப்பில் எனக்குப் பதில் தெரியும், சொல்லத்தான் தெரியாது. ஆசிரியர் நான் மந்தம் என்று எண்ணிக்கொண்டார். பேருந்தில் எங்கள் மொழியில் பேசினால் எல்லோரும் திரும்பிப் பார்க்கிறார்கள் என்று என் அம்மாவே வெளியில் தமிழில் பேசச் சொல்வார். இப்படிப் பழகிய பெற்றோரிடம் போய், உங்கள் மொழியில் பாடம் நடத்தப் போகிறோம் என்றால் முதலில் சந்தேகந்தான் வரும். மற்றப் பிள்ளைகள் இங்கிலீஷ் படிக்கும்போது எங்கள் பிள்ளைகளை மட்டும் ஏன் குடியிருப்புக்குள்ளேயே நிறுத்துகிறீர்கள் என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டுத்தான் தொடங்க வேண்டும். மொழியியல் மாணவர் சொன்ன நைஜீரியக் கணக்கை அவர்களிடம் சொல்லிப் பயனில்லை. அந்த ஐந்தாம் வகுப்புப் பெண்ணால் என்ன மாறியது என்பதைச் சொல்லுங்கள், அது விளங்கும்.

இன்னொரு அச்சமும் உண்டு. துணைக்கு ஒருவர் வருகிறார் என்றதும் எங்கள் குழந்தைகளைத் தனி வரிசையில் உட்கார வைத்து, அவர்களை அவர் பார்த்துக்கொள்வார் என்று வகுப்பாசிரியர் ஒதுங்கிவிட்டால், இப்போதிருப்பதைவிட மோசமாகும். எல்லாக் குழந்தைகளும் கலந்தே உட்கார வேண்டும். வாக்ரிபோலிப் பாட்டும் கதையும் வகுப்பு முழுமைக்கும் சொல்லப்பட வேண்டும். செட்டியார் வீட்டுப் பிள்ளையோ அம்பலகாரர் வீட்டுப் பிள்ளையோ எங்கள் மொழியில் நான்கு சொல் பேசினால், எங்கள் குழந்தை வாய் திறக்கத் தயங்காது. நியூசிலாந்தில் மாவோரி மக்கள் 1982-இல் தங்கள் மழலையர் பள்ளிகளைத் தொடங்கியபோது, மொழி நன்றாகத் தெரிந்த பாட்டிமாரைத்தான் நடுவில் வைத்தார்கள் என்று படித்திருக்கிறேன். எங்கள் குடியிருப்பிலும் கதை தெரிந்தவர்கள் பாட்டிமார்தான். ஆனால் அவர்கள் ஒருநாள் பள்ளிக்கு வந்தால் ஒருநாள் வியாபாரம் போகும். சேவை என்ற பெயரில் சும்மா வரச் சொல்லாதீர்கள், தொகை எவ்வளவு சிறியதாக இருந்தாலும் கொடுக்க ஏற்பாடு செய்யுங்கள். இல்லம் தேடிக் கல்வித் தன்னார்வலர்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தந்தார்கள் அல்லவா, அது போல.

நாடாளுமன்றம் 2022 டிசம்பரில் நிறைவேற்றிய திருத்தத்துக்குப் பிறகு நாங்கள் பழங்குடியினர் பட்டியலில் இருக்கிறோம். தோடர், கோத்தர், சோளகர், காணி, நரிக்குறவர் முதலியோரின் மொழி வளங்களை ஆவணப்படுத்த 2024-25-ஆம் ஆண்டின் மாநில நிதிநிலை அறிக்கையில் 2 கோடி ரூபாய் அறிவித்தார்கள். நல்லது. ஆனால் ஒலிப்பதிவுக் கருவியோடு வருகிறவர்கள் பதிவு செய்துகொண்டு போவதைத்தான் இதுவரை பார்த்திருக்கிறோம். பதிவு செய்த கதையில் ஒன்றாவது ஒன்றாம் வகுப்புக்குத் திரும்பி வரட்டும்.

மறுமொழி: ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், தேவகோட்டை

பினாங்கு நண்பர் சொன்னதில் எனக்கு வருத்தமில்லை. காகிதம் கேட்டது முயற்சியைத் தடுப்பதற்காக அன்று, அது பாதியில் நின்றுவிடக் கூடாது என்பதற்காக. வழி ஒன்று இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோர், பாதிப்பேர் பெண்கள், நலிந்த பிரிவினரின் பெற்றோருக்கும் உரிய இடம் உண்டு. தங்கள் பள்ளியில் பாதிக் குழந்தைகள் அந்தக் குடியிருப்பினர் என்றால், குழுவில் அவர்கள் எத்தனை பேர் என்று பாருங்கள். குழுவின் தீர்மானமாக இது போனால், ஓர் ஆசிரியையின் தனி விருப்பம் என்று வட்டாரக் கல்வி அலுவலகம் ஒதுக்கிவிட முடியாது. துணைக்கு வருபவர் பெயர், நேரம், தொகை எங்கிருந்து, இரண்டாம் வகுப்பு முடிவில் எதை வைத்து அளப்போம் என்ற நான்கும் தீர்மானத்தில் இருக்கட்டும்.

கேட்டவர்: தொடக்கப்பள்ளி ஆசிரியை

அனைவருக்கும் நன்றி. இன்று குழுவின் பட்டியலைப் பார்த்தேன். குடியிருப்பிலிருந்து ஒரே ஒரு தாய்தான் உறுப்பினர். அவரும் கூட்டங்களுக்கு வந்ததில்லை, கூட்டம் வெள்ளிக்கிழமை பிற்பகலில் நடப்பதும், அப்போது அவர் வியாபாரத்தில் இருப்பதும் காரணம். கூட்ட நேரத்தை மாற்றச் சொல்லித் தலைமையாசிரியையிடம் பேசியிருக்கிறேன், ஒப்புக்கொண்டார். அதற்கு முன் நானே குடியிருப்புக்குப் போய், ஆறாம் வகுப்புக்குப் போன அந்தச் சிறுமியின் பாட்டியிடம் பேசப் போகிறேன்.

அளப்பதற்கு என்ன வைப்பது என்பதில் எனக்கு இன்னும் தெளிவு வரவில்லை. தமிழ் வாசிப்பை மட்டும் அளந்தால் போதாது. ஆண்டுத் தொடக்கத்தில் ஒரு படக்கதையை ஒவ்வொரு குழந்தையும் இரண்டு மொழியிலும் சொல்லக் கேட்டுக் குறித்துக்கொண்டு, ஆண்டு இறுதியில் மறுபடி கேட்கலாம் என நினைக்கிறேன். வாக்ரிபோலியில் சொன்னதைக் குறித்துக்கொள்ள எனக்கு மொழி தெரியாது என்பதால், பட்டதாரித் தம்பி முதல் முறை மட்டும் பள்ளிக்கு வர இயலுமா என்று கேட்டுக்கொள்கிறேன். பயணச் செலவும் அன்றைய ஊதியமும் தந்துவிடுகிறேன், சும்மா வரச் சொல்லவில்லை.